மலையடிவாரக் கடலையில் இலைப்புள்ளியும் துருவும்: இயற்கை முறையில் கட்டுப்படுத்த முழுமையான வழிகாட்டி

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், ஆயக்குடி, பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் நிலக்கடலை போடுகிறவர்களுக்காக, அதிலும் ரசாயனப் பூசணக்கொல்லியைத் தவிர்க்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"சூடோமோனாஸ் அடிச்சேன், எருக்கஞ்சாறு அடிச்சேன், ஒண்ணுக்கும் நிக்கலைங்கண்ணா" என்று சொல்பவர்களின் காட்டுக்குப் போய்ப் பார்த்தால், சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவோ எருக்கஞ்சாறோ, பெரும்பாலும் அடித்த பொருள் சரியாகவே இருக்கும். அடித்த நாள்தான் தப்பியிருக்கும். பூசண வித்து ஈர இலையில் விழுந்து உள்ளே நுழைந்த பிறகு, புள்ளியாக நம் கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். இன்று பார்க்கும் புள்ளி, இரண்டு வாரத்துக்கு முன் பெய்த மழையில் ஏறியது. இயற்கைப் பொருட்கள் இலையின் மேலே காவல் நிற்கக்கூடியவை. உள்ளே போய்விட்ட பூசணத்தை அவற்றால் விரட்ட முடியாது. கீழே உள்ள எல்லாப் படிகளின் வரிசையும் இந்த ஒரு காரணத்தை வைத்தே அமைந்திருக்கிறது.

1. எந்த நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடலை இலையில் முக்கியமான பூசண நோய்கள் மூன்று. மூன்றும் ஒரே செடியில் சேர்ந்தும் வரும்.

முன்பருவ இலைப்புள்ளி: விதைத்த ஒரு மாதத்திலேயே அடி இலைகளில் தொடங்கும். இலையின் மேல்புறத்தில் செம்பழுப்பு அல்லது கரும்பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றித் தெளிவான மஞ்சள் வளையம். அடிப்புறத்தில் அதே புள்ளி கொஞ்சம் வெளிறித் தெரியும்.

பின்பருவ இலைப்புள்ளி: பெரும்பாலும் 45 நாளுக்கு மேல். புள்ளி சின்னது, வட்டமானது, கறுப்பு. இலையைத் திருப்பி அடிப்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள். புள்ளி சொரசொரவென்று தட்டுப்பட்டால் இதுதான். மஞ்சள் வளையம் மங்கலாக இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. இரண்டில் இதுவே இலையை அதிகம் கொட்டவைக்கிறது.

துரு: இலையின் அடிப்புறத்தில் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் பழுப்புக் கொப்புளங்கள். வெள்ளை வேட்டி நுனியால் அடிப்புறத்தைத் துடைத்தால் செங்கல் நிறப் பொடி ஒட்டும். இலைப்புள்ளி வந்த இலை உதிர்ந்துவிடும். துரு வந்த இலை காய்ந்து சுருண்டு செடியிலேயே தொங்கும். தூரத்தில் நின்று பார்க்கும்போது இந்த ஒரு அடையாளம் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

அடுத்து, பூசணமே இல்லாதவை. சுருள் பூச்சி தின்ற இலையிலும் பழுப்புத் திட்டு வரும். ஆனால் அந்த இலை மடிந்து பின்னிக்கொண்டிருக்கும், பிரித்தால் உள்ளே சின்னப் புழுவோ அதன் கழிவோ இருக்கும். நுனி இலைகள் மட்டும் வெளுத்து, நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. இந்த இரண்டுக்கும் பூசண மருந்து அடித்தால் காசும் நாளும் வீண். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். புள்ளியைப் பார்த்ததும் கைபேசியில் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுகிறார்கள். மேல்புறப் படத்தை மட்டும் வைத்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

2. விதைக்கும் முன்பே சேர்த்து வைக்க வேண்டியவை

நோய் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் பொருள் கைக்கு வரவே ஒரு வாரம் ஓடிவிடும். அதனால் இவற்றை முன்னதாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்), சூடோமோனாஸ் புளோரசன்ஸ், கடலைக்கான ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா). வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள், காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். இவை உயிருள்ள பொருட்கள். தகரக் கொட்டகையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால், பாக்கெட்டுக்குள் உயிர் செத்து வெறும் மாவுதான் மிஞ்சும். வீட்டுக்குள் நிழலான, குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

வேப்பங்கொட்டை. நம் பக்கம் ஆனி, ஆடியில் பழம் உதிரும்போதே பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி வையுங்கள். எடுத்து 3 மாதம் முதல் 8 மாதம் வரை உள்ள கொட்டையில்தான் வீரியம் நன்றாக இருக்கும்.

ஒரு தெளிப்பான், இதற்கென்றே தனியாக. களைக்கொல்லி அடித்த டேங்கை எத்தனை முறை கழுவினாலும் கடலைக்குப் பயன்படுத்தாதீர்கள். மிச்சம் மீதி இருந்தால் இலை கருகும், பிறகு அது நோயா மருந்தா என்று தெரியாமல் குழம்ப வேண்டிவரும்.

தெளிக்கத் தண்ணீர் எது என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள். அடிவாரத்தில் பல போர்வெல்லில் உப்புத்தண்ணீர். அதில் சோப்புக் கரைசல் திரிந்து நாசிலை அடைக்கும். வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு பாசன வாய்க்கால் தண்ணீரோ, தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ கிடைத்தால் அதையே எடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் சூடோமோனாஸைக் கரைக்கக் கூடாது.

3. போன கடலையின் மிச்சத்தை அகற்றுங்கள்

எல்லாப் படியிலும் செலவு குறைவானதும் பலன் பெரியதும் இதுதான். ஆனாலும் இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இலைப்புள்ளிப் பூசணம் மண்ணில் கிடக்கும் பழைய கடலை இலை, தண்டுத் துண்டுகளில் அடுத்த பட்டம் வரை உயிரோடு இருக்கும். முதல் மழைத்துளி தெறிக்கும்போது அங்கிருந்துதான் புதுச்செடியின் அடி இலைக்கு ஏறுகிறது. துருவின் வித்து காய்ந்த குப்பையில் அதிக நாள் தாங்காது. அதற்கு உயிருள்ள கடலைச்செடி வேண்டும். அறுவடையில் தவறிய காய் வரப்போரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கிறதல்லவா, அந்தச் செடிதான் துருவைப் பட்டத்துக்குப் பட்டம் கடத்துகிறது.

ஆகவே இரண்டு வேலை. ஒன்று, அறுவடை முடிந்ததும் குப்பையை வாரி, கோடையில் ஆழ உழுது, மிச்சத்தை மண்ணுக்குள் புதையுங்கள். இரண்டு, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தானாக முளைத்த கடலையை வேரோடு பிடுங்குங்கள். உங்கள் காட்டில் மட்டும் பிடுங்கினால் போதாது, பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடலைக்குப் பின் மறுபடி கடலை வேண்டாம். சோளம், கம்பு, மக்காச்சோளம் எதுவும் போடலாம். இந்த மூன்று பூசணங்களும் கடலையை விட்டு அந்தப் பயிர்களில் ஏறாது. ஒரு வருடம் இடைவெளி கிடைத்தாலே மண்ணில் உள்ள வித்து வெகுவாகக் குறையும்.

பழைய கடலைக்கொடிப் போரைப் பாருங்கள். சாளை என்னும் தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில், புதிதாக விதைக்கப் போகும் நிலத்தின் காற்று வரும் திசையில் போர் நின்றால், காற்றோடு சருகு முழுதும் புதுக்காட்டில்தான் விழும். விதைப்புக்கு முன் மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள், அல்லது போரை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். மாடு தின்னாமல் ஒதுக்கிய கொடியை அப்படியே குப்பையோடு காட்டில் கொட்டாதீர்கள், முழுதாக மக்கிய பிறகே கொட்டலாம்.

4. பட்டமும் ரகமும்

ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலைக்கு முதல் இரண்டு மாதம் காற்றுக் காலம். இலை சீக்கிரம் உலர்ந்துவிடும், நோய் அதிகம் தெரியாது. புரட்டாசி கடைசியில் காற்று அடங்கும், செடி மூடிக்கொள்ளும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். மூன்றும் ஒன்றாகச் சேரும் அந்த நேரத்தில் பயிருக்கு 65 முதல் 85 நாள். 25 முதல் 30 டிகிரி வெப்பம், இலையில் 10 மணி நேரத்துக்கு மேல் ஈரம், இவ்வளவு இருந்தால் பூசணத்துக்குப் போதும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, ஒரே வாரத்துல கொட்டிடுச்சு" என்ற பேச்சு ஐப்பசியில்தான் கேட்கும். ஆடி முதல் வாரத்திலேயே ஈரம் கிடைத்து விதைத்தவர்களுக்குக் கனமழைக்கு முன் காய் திரண்டுவிடும். முடிந்தவரை தள்ளிப்போடாதீர்கள்.

மலையை ஒட்டிய காடுகளில் கார்த்திகை, மார்கழியில் வெயில் தாமதமாக இறங்கும், பனி உலர நேரமாகும். இளந்தென்னைக்கு நடுவே ஊடுபயிராகப் போட்ட கடலைக்கும் இதே நிலைதான். அங்கெல்லாம் மற்றவர்களைவிட ஒரு வாரம் முன்னதாகவே கண்காணிப்பைத் தொடங்குங்கள்.

ரகத்தில் டி.எம்.வி. 2, ஜே.எல். 24 போன்ற பழைய ரகங்கள் இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து வந்த ஜி.பி.பி.டி. 4 இரண்டையும் நன்றாகத் தாங்கும். ஆழியாறு நகரில் உருவான ஏ.எல்.ஆர். 3 ரகமும் துருவைத் தாங்கக்கூடியது. தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று நினைக்காதீர்கள். தாமதமாக வரும், மெதுவாகப் பரவும். உங்கள் தெளிப்பு வேலை செய்ய அந்தக் கால அவகாசம்தான் வேண்டும்.

5. விதை நேர்த்தி: வரிசை மாறக் கூடாது

ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ விதைப்பருப்பு. கையால் உடைத்து, தோல் உரிந்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.

முதலில் உங்கள் நிலத்துக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அல்லது கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். வேரழுகல், கழுத்தழுகல் தொல்லை உள்ள நிலமென்றால் டிரைக்கோடெர்மா. இலைநோய்தான் உங்கள் கவலை என்றால் சூடோமோனாஸ். டிரைக்கோடெர்மா மண்ணிலிருந்து வரும் அழுகலைத் தடுக்கும், இலைப்புள்ளியை அது நேரடியாகத் தொடாது. சூடோமோனாஸ் வேரில் குடியேறிச் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும். "விதை நேர்த்தி செஞ்சிட்டேன், இனி இலைக்கு ஒண்ணும் வராது" என்று நம்பி விட்டுவிடுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

ரைசோபியத்தை எப்போதும் கடைசியாகக் கலக்க வேண்டும். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட்டை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையின் தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதையுங்கள்.

கடையில் வாங்கிய விதையில் சிவப்பு, பச்சைச் சாயம் ஏறியிருந்தால் அது ரசாயனப் பூசணக்கொல்லி பூசிய விதை. அதன் மேல் டிரைக்கோடெர்மா பூசினால் பூசியதெல்லாம் செத்துப்போகும். அப்படிப்பட்ட விதைக்கு உயிர்ப்பொருளை மண்வழியாக மட்டும் கொடுங்கள்: ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து ஒரு வாரம் நிழலில் மூடி வைத்து, விதைக்கும் முன் தூவுங்கள். விதை நேர்த்தி செய்தவர்களும் இதைச் செய்யலாம்.

6. விதைப்பு: காற்று போக வழி விடுங்கள்

கொத்து ரகத்துக்கு (படராமல் நிமிர்ந்து வளர்வது) வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். "நெருக்கிப் போட்டா காய் அதிகம்" என்று 20 சென்டிமீட்டரில் போட்டவர்களின் காட்டில், 50ஆம் நாளே அடிப்பக்கம் காற்றில்லாமல் ஈரமாகவே கிடக்கும்.

மூன்று வரிசைக் கடலைக்கு ஒரு வரிசை கம்பு அல்லது சோளம் என்று ஊடுபயிர் போட்டால் பின்பருவ இலைப்புள்ளி குறைகிறது. காற்றில் வரும் வித்தில் ஒரு பங்கு கம்பந்தட்டையில் பட்டு நின்றுவிடும், வரிசைக்கு வரிசை தாவுவதும் தடைபடும். தானியமும் தட்டும் கூடுதல் வரவு. முழுக்காட்டிலும் போட மனமில்லையென்றால் காற்று வரும் பக்கத்து வரப்போரமாவது இரண்டு வரிசை சோளம் போடுங்கள்.

7. 25ஆம் நாளிலிருந்து வாரம் இருமுறை காட்டைப் பாருங்கள்

வரப்பில் நின்று பார்ப்பதை நான் கண்காணிப்பு என்று சொல்ல மாட்டேன். காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடத்தில் குனிந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு செடியின் அடியிலுள்ள மூன்று நான்கு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். நோய் எப்போதும் கீழிருந்து மேலே ஏறும். மேல் இலையில் புள்ளி தெரியும்போது கீழே பாதி இலை உதிர்ந்திருக்கும்.

காலை பத்து மணிக்கு மேலும் அடி இலையில் ஈரம் நிற்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து நின்றால், புள்ளி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அடுத்த தெளிப்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு நோட்டில் மழை பெய்த நாளையும் முதல் புள்ளி கண்ட நாளையும் எழுதி வையுங்கள். ஒரு பட்டம் எழுதிப் பார்த்தால், எந்த மழைக்கு எந்தப் புள்ளி வந்தது என்பது உங்கள் நிலத்துக்கே உரிய கணக்காகக் கிடைக்கும்.

8. தெளிப்பு: எந்த நாளில் எது

செடி முழுதாக வளர்ந்த பின் ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் வேண்டும். 30ஆம் நாளில் 100 முதல் 120 லிட்டர் போதும்.

30 முதல் 35ஆம் நாள், சூடோமோனாஸ். லிட்டருக்கு 5 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். கொஞ்சம் தண்ணீரில் முதலில் குழைத்துத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அதன் மாவு நாசிலில் தங்கும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அடிக்க வேண்டிய தெளிப்பு இது. பூசணம் வருமுன் அந்த இடத்தைப் பாக்டீரியா பிடித்துக்கொள்ள வேண்டும். "புள்ளியே இல்லியே, எதுக்கு இப்போ செலவு?" என்று இதைத் தவிர்த்தவர்கள்தான் 60ஆம் நாளில் இரண்டு மடங்கு செலவு செய்கிறார்கள்.

45ஆம் நாள் ஒட்டி, இலைச்சாறு. இதற்கு முன் களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு, மண் அணைத்து முடித்திருக்க வேண்டும். விழுது (பூவிலிருந்து இறங்கி, நுனியில் காய் பிடிக்கும் காம்பு) மண்ணில் இறங்கிய பிறகு காட்டுக்குள் மிதித்து நடந்தால் காய்ப்பிடிப்பு குறையும். மண் அணைக்கும்போது மண்வெட்டியால் மண்ணை அடி இலைகளின் மேல் வாரிப் போடாதீர்கள். பூசண வித்து அந்த மண்ணில்தான் இருக்கிறது.

இலைச்சாறு 10 சதவீதம் இருக்க வேண்டும். 100 லிட்டருக்கு 10 கிலோ பச்சை இலை: எருக்கு, நொச்சி, வேம்பு, எது கிடைக்கிறதோ அது. இடித்து, இலை மூழ்கும் அளவு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் இருமுறை வடிகட்டி, மீதித் தண்ணீர் சேர்த்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, அன்றே அடித்து முடியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் புளித்துவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும். இடிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஊமத்தை இலைச்சாற்றுக்கும் பூசணத்தைத் தடுக்கும் குணம் உண்டு. ஆனாலும் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. அது நஞ்சு. கடலைக்கொடி கடைசியில் மாட்டுக்குத்தான் போகிறது.

சுருள் பூச்சியும் சேர்ந்து தெரிந்தால் இலைச்சாற்றுக்குப் பதில் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சோப்பு சேர்த்து 100 லிட்டராக்குங்கள். பூசணத்தை இது ஓரளவுதான் தடுக்கும், பூச்சிக்கு நன்றாக வேலை செய்யும்.

60ஆம் நாள், மறுபடி சூடோமோனாஸ். ஆடிப்பட்டத்துக்கு இது பருவமழைக்குச் சற்று முன் விழும் தெளிப்பு, இதைத் தள்ளிப்போடக் கூடாது. 70 முதல் 75ஆம் நாள் தெளிப்பைக் கண்காணிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடி இலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி என்றால் இலைச்சாறு. பத்து இடத்தில் ஏழெட்டு இடத்திலும் புள்ளி, வானமும் மூடியே கிடக்கிறது என்றால் அடுத்த பகுதியிலுள்ள போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது).

புளித்த மோரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சாம்பல்நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள், கடலைக்கும் அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் இலைப்புள்ளியை நிறுத்த அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

அடிக்கும் முறையையும் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அடியுங்கள், வெயிலின் புற ஊதாக்கதிர் சூடோமோனாஸைக் கொன்றுவிடும், வேம்பின் சத்தையும் சிதைக்கும். "சாயங்காலம் இலையை நனைக்கக் கூடாதுன்னு சொல்றீங்களே?" என்று, 10ஆம் பகுதியில் பாசனத்துக்குச் சொல்வதை வைத்துக் கேட்பார்கள். தெளிப்பானின் மெல்லிய படலம் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். இரவெல்லாம் சொட்டும் பாசன ஈரம்தான் ஆபத்து. நாசிலைச் செடியின் பக்கவாட்டில் தாழ்த்தி, கீழிருந்து மேல்நோக்கி அடியுங்கள். மேலே நின்று தூவிக்கொண்டே போனால் நோயில்லாத நுனி இலை மட்டும் நனையும். அடித்து நான்கைந்து மணி நேரத்துக்குள் நல்ல மழை பெய்தால், காட்டில் கால் வைக்க முடிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும்.

சூடோமோனாஸையும் இலைச்சாற்றையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள். இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரத்தில் பாக்டீரியாவைத்தான் இழப்பீர்கள்.

9. போர்டோ கலவை: கடைசிக் காவல்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் துருவுக்குப் போர்டோ அடித்துப் பழகியவர்கள் அடிவாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு முதல் முறை தயாரியுங்கள்.

1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம் மட்டும். இரும்பு, தகரம் ஆகாது. துத்தத்தை ஒரு பாத்திரத்தில் 50 லிட்டரிலும், சுண்ணாம்பை நீர்த்து இன்னொரு பாத்திரத்தில் 50 லிட்டரிலும் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் தங்கும்.

பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். படியாத வரை சுண்ணாம்பு நீர் சேருங்கள். சுண்ணாம்பு பழையதாக, காற்றுப்பட்டு நீர்த்துப்போயிருந்தால் இந்தச் சோதனையில்தான் தெரியவரும். முதலில் ஓரத்தில் பத்துச் செடிக்கு அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

ஒரு பட்டத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. தாமிரம் மண்ணில் கரைந்து மறைவதில்லை, வருடா வருடம் சேரும். சூடோமோனாஸையும் அது கொல்லும் என்பதால், அடித்த பின் இரண்டு வாரத்துக்கு உயிர்ப்பொருள் எதுவும் அடிக்காதீர்கள். அங்ககச் சான்று (இயற்கை விவசாயச் சான்று) வாங்கியிருந்தால், சான்று தருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: செம்மறிக்குத் தாமிரம் ஆகாது, கொஞ்சம் மிஞ்சினாலும் நஞ்சாகும். போர்டோ அடித்த காட்டின் கொடியை ஆட்டுக்குப் போடாதீர்கள், அறுவடைக்குப் பின் கிடை போடுபவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

10. பாசனம்

தெளிப்பு நீர்ப்பாசனமும் ரெயின்கன்னும் வைத்திருப்பவர்கள் மாலையில் ஓட்டவே கூடாது. இரவுப் பனியோடு சேர்ந்து 14, 15 மணி நேரம் இலை நனைந்திருக்கும். மும்முனை மின்சாரம் இரவில்தான் வருகிறது என்றால் விடியற்காலையில் ஓட்டுங்கள், இலை ஏற்கெனவே பனியில் நனைந்த நேரம் அது. எட்டு மணிக்குள் நிறுத்தினால் வெயில் உலர்த்திவிடும். வாய்க்கால் பாய்ச்சல் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, பாத்தியில் தண்ணீர் தேங்காமல் பார்த்தால் போதும்.

ஈர இலைக்குள் நடந்து களை எடுக்காதீர்கள். வேட்டியிலும் சேலையிலும் ஒட்டி வித்து வரிசைக்கு வரிசை போகும். இலை உலர்ந்த பின் இறங்குங்கள்.

11. எள், சூரியகாந்தி, ஆமணக்கு போட்டவர்களுக்கு

குப்பை அகற்றுவது, பயிர் மாற்றுவது, முன்கூட்டியே தெளிப்பது ஆகியவை இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். எள்ளிலும் சூரியகாந்தியிலும் வருவது பெரும்பாலும் ஆல்டர்நேரியா என்ற பூசணம் தரும் இலைக்கருகல். இது விதையோடும் வரும், ஆகவே விதை நேர்த்தி கடலையைவிட இங்கே முக்கியம். சூரியகாந்தி பூத்திருக்கும்போது காலையில் அடிக்காதீர்கள், தேனீ வரும் நேரம் அது. எள்ளில் பூவெல்லாம் பச்சை இலைக்கொத்தாக மாறினால் அது பூசணம் இல்லை, தத்துப்பூச்சி கடத்தும் பூவிலை நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அழிப்பதுதான் வழி.

12. அறுவடை நாளை இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்

இலைப்புள்ளி முற்றி இலை கொட்டிய செடி பார்ப்பதற்கு முற்றியதுபோல் தெரியும். பயந்து 90ஆம் நாளே பிடுங்கினால் பருப்பு சுருங்கிப்போகும். நாள் கணக்குக்காகக் காத்திருந்தால் விழுது இற்று, காய் மண்ணிலேயே தங்கிவிடும். ஐந்தாறு இடத்தில் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். முக்கால்வாசிக் காயில் உட்புறம் பழுப்பும் கறுப்புமாக மாறியிருந்தால் அறுவடைக்கு ஆள் சொல்லுங்கள். பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணில் தங்கத் தொடங்கினால் இன்னும் பொறுக்க வேண்டாம்.

கொடியை நன்றாகக் காயவைத்த பிறகே போர் போடுங்கள். போருக்கான இடத்தை, அடுத்து கடலை எந்தக் காட்டில் வரப்போகிறது என்று பார்த்து இப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். களத்தில் உதிர்ந்த சருகைக் கூட்டி எருக்குழியில் போட்டு மூடுங்கள். மண்ணில் தங்கிய காயைப் பொறுக்க ஆள் விட்டால் அந்தக் கூலிக்குக் காய் கிடைக்கும், அடுத்த பட்டத்துக்குத் துருவைக் கடத்தும் செடியும் முளைக்காது.